ஊழிக் காற்று

நெடுங்காலத்துக்கு அப்பாலுள்ள உலகைக் கற்பனைசெய்து கதை புனைவோர் இன்று மேனாட்டிற் பலர் உளர். கோடி ஆண்டுகளின்பின் மனிதன் தன் முன்னோர் இயற்றிய பொறிகளின் பொருளையே மறந்து வாழ்வான் என்றும், அப்பொறிகளின் துகள் கலந்த பெருங்காற்று வீசிய இடமெல்லாம் உடலும் ஊரும் உருத்திரிந்து ஒழியும் என்றும் அவர் எழுதுவனவற்றை நம் மாணவரும் விரும்பிக் கற்கின்றனர். அக்காற்று இயற்கை விதிக்கு உட்பட்டதோ, அதனைக் கடந்ததோ என்னும் ஐயமே அக்கதைகளுக்குச் சுவை தருவது. ஆயின், வருங்காலத்து எல்லையில் ஒரு பெருங்காற்றை நிறுத்திப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதியதன்று. ஊழிக் காற்று என்னும் பெயரால் அதனை நம் நூல்கள் நெடுங்காலமாக அறிந்துள்ளன. அந்நூல்கள் அதனைப்பற்றிக் கூறுவது யாது, நாம் அதனைப்பற்றி நினைத்துக்கொண்டிருப்பது யாது என்பவற்றுக்கிடையே உள்ள வேற்றுமையை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். ஊழ் என்பது முறைமை. முறைப்படி மலர்தலும் முதிர்தலும் உதிர்தலும் ஊழ்த்தல் எனப்படும். இதனோடு உறவுடைய ஊழி என்னும் சொல் நெடிய காலப் பகுதியைக் குறிக்கும். அதன் அடியில் அழிவு என்னும் பொருள் இல்லை. முதிர்வு என்னும் பொருளே உண்டு. பரிபாடலின் இரண்டாம் பாடலிற் கீரந்தையார், வானும் வளியும் தீயும் நீரும் நிலமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய ஊழிகளைக் கூறி, அவற்றின் நீட்சியை அளத்தற்கு நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்னும் பேரெண்களைக் கையாள்கின்றார். அப்பாடலில் ஊழி உலகம் உருவாகும் காலமாகவும் வருகின்றது. போர்க்களத்தை வருணிக்கப் புகுந்த பிற்காலப் புலவர் ஊழித்தீயையும் ஊழிக்காற்றையும் உவமையாக்கி ஆக்கி, அச்சொல்லைக் கேட்டவுடன் அழிவொன்றே நினைவில் எழுமாறு செய்துவிட்டனர்.

ஊழியின் நிகழ்ச்சிகளை நிரல்படக் கூறும் நூல்களுள் விட்டுணு புராணம் தலையாயது. அதன் ஆறாம் அமிசம் கூறும் நைமித்திகப் பிரளயம் இவ்வாறு நிகழ்கின்றது. நூறாண்டு மழையில்லை. திருமால் ஞாயிற்றின் ஏழு கதிர்களிற் புகுந்து நீர்நிலை அனைத்தையும் பருகுகின்றார். அக்கதிர்கள் ஏழு ஞாயிறுகளாகி மூவுலகையும் காய்த்தலால், மரமும் நீரும் அற்ற நிலம் ஆமையின் முதுகோடு போலத் தோன்றுகின்றது. பின்னர்க் காலாக்கினி கீழுலகினின்றும் எழுந்து எரிக்கின்றது. அதன்பின்னரே முகில்கள் எழுகின்றன. அவற்றின் நிறங்களை அந்நூலாசிரியர் விரித்துரைக்கும் பகுதி, வானத்தை நெடிது நோக்கியிருந்த ஒருவராலன்றி எழுதப்பட்டிருத்தல் இயலாது. கருங்குவளை நிறத்தன சில. ஆம்பல்போல வெளுத்தன சில. புகைநிறத்தன, மஞ்சள் நிறத்தன, சாம்பல் நிறத்தன, இந்திரகோபப் பூச்சிபோலச் சிவந்தன வேறு சில. வடிவத்தாற் சில நகரங்களையும் சில மலைகளையும் சில மாளிகைகளையும் ஒத்தன. இவை நூறாண்டுக்கு மேலும் பொழிந்து தீயை அவித்து உலகை ஒரே கடலாக்குகின்றன.

காற்று எப்பொழுது வருகின்றது? எல்லாம் முடிந்தபின் வருகின்றது. திருமாலின் மூச்சே காற்றாகி நூறாண்டுக்கு மேல் வீசி, எஞ்சிய முகில்களைச் சிதறடிக்கின்றது. பின்னர் அவர் பாம்பணையிற் துயில்கொள்கின்றார். ஆகவே, அந்நூலின்படி ஊழிக் காற்று உலகை அழிப்பதற்கு வீசுவதன்று. அழிவின் பின்னர் வானத்தைத் தூய்மைசெய்வதற்கு வீசுவது. பாரதத்து வனபருவத்தில் மார்க்கண்டேயர் பாண்டவர்க்குக் கூறும் ஊழிக்கதையிற் காற்று இருமுறை வருகின்றது. முதலில் தீக்குத் துணையாகி உலகை எரிக்கின்றது. இறுதியில் முகிலைக் கலைக்கின்றது. அவ்விறுதிக் காற்றைப் படைப்புக் கடவுள் பருகிவிட்டுத் துயில்கின்றார். காற்றைப் பருகுதல் என்னும் கற்பனைக்கு ஈடாக உலக இலக்கியத்தில் அதிகம் இருத்தல் அரிது. அதன்பின் எழும் பேரமைதியிலேதான் மார்க்கண்டேயர் தனியே நீந்தி, ஆலின் கிளையிற் கிடந்த குழவியைக் காண்கின்றார்.

இவ்வூழி எப்பொழுது வரும் என்பதிலும் மக்களிடைப் பெருமயக்கம் உண்டு. கலியுகம் முடியும்போது உலகம் அழியும் என்று பலர் கூறுவர். கலியுகத்தின் அளவு 4,32,000 ஆண்டு. அது கி.மு. 3102 இல் தொடங்கியது என்பது சோதிட நூல் வழக்கு. ஆகவே, சற்றேறக்குறைய 4,27,000 ஆண்டுகள் எஞ்சியுள்ளன. அவை முடிந்தால் வருவது மீண்டும் கிருதயுகமேயன்றிப் பிரளயமன்று. நான்கு யுகங்கள் சேர்ந்த 43,20,000 ஆண்டுக் காலம் ஆயிரம் முறை வந்தாற் பிரமனுக்கு ஒரு பகல். அஃதாவது 432 கோடி ஆண்டு. அப்பகல் முடிந்து இரவு தொடங்கும்போதே மேற்கூறிய ஊழி நிகழும். இப்பகலில் ஏறத்தாழ 197 கோடி ஆண்டுகள் கழிந்தன. 235 கோடி ஆண்டுகள் எஞ்சியுள்ளன. இக்கணக்கு ஏட்டில் மறைந்து கிடப்பதன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள கோயில்களில் அருச்சனைக்கு முன் குருக்கள் சங்கற்பம் சொல்லும்போது, சுவேதவராக கற்பம், வைவச்சுத மன்வந்தரம், இருபத்தெட்டாம் கலியுகம் என்று இதனையே நாடோறும் கூறுகின்றார். நாமோ நம் பெயரும் நட்சத்திரமும் பிழையின்றி வருகின்றனவா என்பதனை மட்டும் செவிமடுக்கின்றோம்.

ஞாயிற்றின் ஒளி சிறிது சிறிதாகப் பெருகி, இன்னும் நூறு கோடி ஆண்டளவிற் கடல்களை வற்றச்செய்யும் என இக்கால வானியலார் கணிக்கின்றனர். ஏழு ஞாயிறு கடலைப் பருகும் புராணச் செய்தியோடு இதனை ஒட்டவைத்து, முனிவர் அன்றே அறிந்தனர் என்று மகிழ்வோர் உளர். எமக்கு அதில் உடன்பாடில்லை. புராண ஆசிரியர் கண்டது வானியல் அன்று. தம் நாட்டு ஆண்டொன்றின் போக்கையே அவர் கண்டனர். கோடை காய்கின்றது; குளம் வற்றுகின்றது; காடு எரிகின்றது; பின்னர் நிறம் மாறி மாறி முகில் எழுகின்றது; மழை கொட்டுகின்றது; இறுதியிற் காற்று முகிலை ஓட்ட வானம் வெளுக்கின்றது. வன்னியிலோ தஞ்சையிலோ உழவு செய்பவன் எவனும் இந்நிரலை அறிவான். ஆண்டுதோறும் மழைக்காலத்து நான்கு திங்கள் திருமால் துயில்கின்றார் என்னும் வைணவ வழக்கும் இதற்கு அரண்செய்கின்றது. பன்னிரு திங்களிற் கண்டதைக் கோடி ஆண்டுகளுக்கு நீட்டியதே ஊழி. இவ்வாறு கொள்வதால் அக்கற்பனையின் மாண்பு குறைவதில்லை. கண்ணாற் கண்டதன்மேல் எழுந்த கற்பனை என்பதால் அது கூடுகின்றது.

மழைக்காலத்து இறுதியில் வங்கக் கடலில் எழும் சூறாவளிகளையும் அக்கண்கள் கண்டிருக்கவேண்டும். ஈண்டுச் சொல்வரலாறு ஒன்று நினைவிற்கு வருகின்றது. தமிழகத்தார் இன்று சூறாவளியைப் புயல் என்பர். பழந்தமிழிற் புயல் என்றால் முகில், அல்லது மழை. வான்சிறப்பு அதிகாரத்தில் வள்ளுவர் உழவனுக்கு வளந்தரும் மழையையே அச்சொல்லாற் குறித்தார். வாழ்வித்த சொல் எவ்வாறோ காலப்போக்கில் வருத்தும் பொருளை ஏற்றது. ஈழத்தில் நாம் சூறாவளி என்ற சொல்லையே பெரிதும் வழங்குகின்றோம். மட்டக்களப்பிலே பெயரடை எதுவுமின்றிச் சூறாவளி என்றால், 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு வீசியது ஒன்றே பொருள்.

அவ்விரவில் மட்டக்களப்பும் அம்பாறையும் பொலன்னறுவையும் பட்ட பாட்டில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கரையோரத்துத் தென்னந்தோட்டங்களுட் பெரும்பகுதி ஒரே இரவிற் சாய்ந்தது. அதற்குப் பதினான்கு ஆண்டு முன்னர், 1964 திசம்பர் 22 இல், தெற்கு அந்தமான் கடலிலே தோன்றிய சூறாவளியொன்று இலங்கையின் வடபகுதியை ஊடறுத்து, அன்றிரவே தனுக்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து தனுக்கோடிக்குச் சென்ற புகையிரதத்தை, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடல் கொண்டது. தலைமன்னாருக்குக் கப்பலேறும் துறையாக இருந்த அவ்வூர் மனிதர் குடியிருக்கத் தகாததென அறிவிக்கப்பட்டது. இராமேசுவரத்திலே கோயிலின் கருங்கல் மதிலுக்குள் அடைக்கலம் புகுந்தோர் உயிர்தப்பினர்.

இத்தகைய சூறாவளியை நேரிற் கண்டோர் அதனை இயற்கைக்கு அப்பாற்பட்டதெனக் கருதியதில் வியப்பில்லை. மாலையில் வானம் செம்புநிறம் கொள்கின்றது. முகிலின் உயரிய அடுக்குகளிற் சாய்ந்த கதிர் படுவதால் அந்நிறம் எழுகின்றது. காற்று ஓயாது முழங்குகின்றது. விடிந்தபின் எஞ்சிய மரங்களைப் பார்த்தால், பெருமழையில் நனைந்த இலைகள் தீயிற் கருகியனபோலக் காணப்படுகின்றன. காற்றுச் சுமந்துவந்த உப்புநீர் இலையைச் சுட்டதால் நேர்வது அது. நீரும் நெருப்பும் ஒருங்கே வந்தன என்று கண்டவர் சொன்னால், அவர் பொய்சொல்லவில்லை. கடலுக்குள்ளே வடவைத்தீ உறங்குகின்றது என்னும் பழங்கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு வேறு விளக்கம் எங்ஙனம் தோன்றும்?

இவற்றுள் எல்லாம் கொடியது, நடுவில் வரும் அமைதி. சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்வது. அதன் நடுவே காற்றடங்கிய வட்டம் ஒன்றுண்டு. அதனைச் சூறாவளியின் கண் என்பர். கிழக்குக் கடலிலிருந்து நேரே வரும் சூறாவளியில், ஓர் ஊரில் முதலிற் காற்று வடக்கிலிருந்து அடிக்கும். கண் அவ்வூரின்மேல் வந்ததும் திடீரென எல்லாம் அடங்கும். ஒரோவழி விண்மீனும் தெரியும். தெய்வம் இரங்கிற்றென்று மக்கள் வெளியே வந்து, பிள்ளைகளைத் தேடுவர், கூரையைப் பார்ப்பர், ஆட்டையும் மாட்டையும் அவிழ்ப்பர். சிறிது நேரத்திலோ ஒரு மணி நேரத்திலோ, முன்னையினும் கடுமையாக, இம்முறை தெற்கிலிருந்து காற்று வரும். முதற் காற்றிற் சாய்ந்து நின்றதெல்லாம் எதிர்த்திசைக் காற்றில் விழும். அமைதியை அருளெனக் கொண்டோர் அதற்கு இரையாவர். சூறாவளியின் அமைப்பை அறியாமையால் உயிர்போகும் இடம் இதனினும் தெளிவாக வேறொன்றில்லை.

இனி, மற்றொரு வகைக் கதைக்கு வருவோம். மணிமேகலைக் காப்பியத்திற் காவிரிப்பூம்பட்டினம் கடலுள் மூழ்குகின்றது. நெடுமுடிக்கிள்ளிக்கும் நாகநாட்டுப் பீலிவளைக்கும் பிறந்த குழந்தையைக் கம்பளச்செட்டி என்னும் வணிகன் மணிபல்லவத்திலிருந்து மரக்கலத்திற் கொண்டுவரும் வழியிற் கலம் கவிழ்கின்றது. மகனைத் தேடியலைந்த மன்னன் இந்திரவிழாவை மறக்கின்றான். தெய்வம் வெகுள, நகரைக் கடல் கொள்கின்றது. மணிபல்லவம் நம் நயினாதீவே என்பார் பலர். ஆகவே, இக்கதையில் நமக்கும் ஓர் உரிமை உண்டு. கொழும்புக்கு மிக அண்மையிலே களனியைப்பற்றி மகாவம்சம் கூறும் செய்தியும் இவ்வினத்ததே. களனிதீசன் என்னும் அரசன் குற்றமற்ற தேரர் ஒருவரைக் கொல்வித்தான், தேவர் சினந்தனர், கடல் நாட்டினுட் புகுந்தது. அதனைத் தணிக்க அரசன் தன் மகளைப் பொற்கலத்தில் ஏற்றிக் கடலில் விட்டான். அவளே பிற்காலத்தில் விகாரமகாதேவி எனப் புகழ்பெற்றவள்.

இவ்விரு கதையிலும் தவறு செய்தவன் அரசன். நீரில் மூழ்கியவர் குடிகள். கற்பவர் இதனைக் கடந்து போய்விடுகின்றனர். பிள்ளையைத் தேடிய தந்தை விழாவை மறந்ததற்குப் புகாரின் பரதவர் செய்த குற்றம் யாது?

புராணத்து ஊழிக்கும் இக்கதைகளுக்கும் உள்ள வேற்றுமை இப்பொழுது புலப்படும். ஊழி எவருடைய குற்றத்தாலும் வருவதன்று. பகல் முடிந்தால் இரவு வருமாறு, காலம் முதிர்ந்தால் அது வரும். நல்லவர் மிக்கிருப்பினும் ஒரு நாள் பிந்தாது. தீயவர் மிக்கிருப்பினும் ஒரு நாள் முந்தாது. பட்டினம் மூழ்கிய கதையோ தண்டனைக் கதை. நாம் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டோம். சூறாவளி வந்தால், கலி முற்றிற்று, ஊழி வந்தது, அவ்வூரார் செய்த பாவம் என்று ஒரே மூச்சிற் கூறுகின்றோம். இம்மூன்றும் ஒன்றோடொன்று ஒவ்வாதன. 1964 இலும் 1978 இலும் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னரும், பிள்ளைகளை இழந்து நின்றவரின் காதிலே இப்பேச்சு விழுந்தது. சமய நூலின் பெயரால் அது கூறப்பட்டதே இரங்கத்தக்கது. ஏனெனில் சமய நூல்கள் அதற்குச் சான்றாக நிற்கவில்லை.

நிற்கவில்லை என்பதற்குப் பாகவதத்திலேயே விடையுண்டு. ஆயர் இந்திரனுக்குரிய வேள்வியை நிறுத்தினர். மணிமேகலையில் விழா மறக்கப்பட்டதுபோன்ற நிகழ்ச்சியே இது. வேண்டுமென்றே நிறுத்தியதால் அதனினும் பெரிது எனலாம். இந்திரன் சினந்து, ஊழிக்கென வைத்திருந்த சம்வர்த்தக முகில்களையே கட்டவிழ்த்து ஆயர்பாடியின்மேல் ஏவினான். அப்பொழுது கண்ணன், நீங்கள் குற்றம் செய்தீர்கள் என்று ஆயரை நோக்கிக் கூறவில்லை. கோவர்த்தனத்தை எடுத்துப் பிடித்தான். ஏழு நாள் ஆவும் கன்றும் முதியோரும் குழவிகளும் அதன்கீழ் ஒதுங்கினர். மதுரைத் திருவிளையாடலிலும் இவ்வாறே. வருணன் தன் வயிற்றுவலி தீரும்பொருட்டு இறைவனைச் சோதிக்க எண்ணி மதுரைமேற் கடலை ஏவினான். அது வற்றச் செய்யப்பட்டபின் ஏழு முகில்களை ஏவினான். சோமசுந்தரக் கடவுள் தம் சடையிலிருந்து நான்கு முகில்களை விடுத்தார். அவை நான்கு மாடங்களாகி நகரைக் கவிந்துகொண்டன. நான்மாடக்கூடல் என்னும் பெயர்க்காரணம் அதுவே என்பர். சீர்காழியோ ஊழி வெள்ளத்திலும் தோணியாக மிதந்து தோணிபுரம் எனப் பெயர் பெற்றது. மலை, மாடம், தோணி! இக்கதைகளில் இறைவன் காற்றையும் மழையையும் ஏவுபவனாக வரவில்லை. ஒதுங்க இடந்தருபவனாகவே வருகின்றான்.

சூறாவளிக்கு ஒரு விதியுண்டு என்று வங்கக் கடலோரத்தில் முதலில் வற்புறுத்தியவர்களுள் ஒருவர் கல்கத்தாவில் வாழ்ந்த என்றி பிடிங்டன். சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து சைக்கிளோன் என்னும் பெயரை 1848 இல் உருவாக்கியவர் அவர். பாம்பணையிற் துயில்பவரின் மூச்சே காற்று என்ற நம்மவர்க்கு அப்பெயர் அயலாகத் தோன்றாது. கல்கத்தாவுக்குத் தெற்கே மாதிலா ஆற்றோரத்திற் புதுத் துறைமுகம் அமைக்க அரசினர் முனைந்தபோது, கடல் எழுந்து அவ்விடத்தை மூடும் என்று 1853 இல் அவர் ஆள்பதி தல்கௌசிக்கு எழுதினார். செவிசாய்த்தவர் இல்லை. போட் கானிங் என்னும் அத்துறைமுகம் 1867 இற் சூறாவளியால் அழிந்தது; அதற்கு ஒன்பதாண்டு முன்னரே பிடிங்டன் இறந்துவிட்டார்.

அவ்வங்கக் கரையிலேயே 1970 நவம்பரில் நிகழ்ந்த சூறாவளியில் மாண்டோர் மூன்று இலட்சத்துக்கும் ஐந்து இலட்சத்துக்கும் இடைப்பட்டோர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. 1991 இல் அத்தொகை ஏறத்தாழ 1,38,000. 2007 இற் சிதர் என்னும் கடுஞ்சூறாவளியில் 3,400 அளவினர். ஒடிசாவிலும் அவ்வாறே, 1999 இற் பதினாயிரம் அளவினர் மாண்ட கரையிலே, 2013 இற் பைலின் சூறாவளிக்கு முன் பத்து இலட்சம் அளவினர் அகற்றப்பட்டதால் மாண்டோர் ஐம்பதுக்கும் குறைந்தனர். இவ்விடைக்காலத்தில் அக்கரையோர் புண்ணியம் பெருகிற்றென்று எவரும் கூறார். முன்னறிவிப்பும் ஒதுங்குமிடமும் பெருகின.

2025 நவம்பர் 28 இல் நம் நாட்டின் கிழக்குக் கரையிற் புகுந்த டித்வாவின் காற்றை 1978 ஆம் ஆண்டுக் காற்றோடு ஒப்பிடுதல் இயலாது; மிகச் சிறிது. ஆயினும் அறுநூறு பேருக்கு மேல் இறந்தனர். அவர்களைக் கொன்றது காற்றன்று. அது சுமந்துவந்த மழையும், அம்மழையாற் சரிந்த கண்டி, பதுளை, நுவரெலியா மலைச்சரிவுகளுமே. களனி கங்கை பெருகிக் கொழும்பின் தாழ்நிலங்களில் ஏறியது. மலைச்சரிவில் இலயன் வீட்டிற் குடியிருப்பவன் அவ்விடத்தைத் தானே தெரிந்துகொண்டவனல்லன். நூறாண்டுக்கு மேலாக அங்கே குடிவைக்கப்பட்டவர்களின் பேரன் அவன். கோவர்த்தனம் அவனுக்கு இன்னும் எடுக்கப்படவில்லை.

வங்கதேசத்தார் எடுத்த மலையின் வடிவம் எளியது. நீர் அடியாற் பாய்ந்து செல்லுமாறு தடித்த தூண்களின்மேல் உயர்த்திய கற்காரைக் கட்டடம் அது. ஏறுவதற்கு அகன்ற படிகளும், சிலவற்றிற் கால்நடைக்கென மேடையும் உண்டு. ஆண்டில் ஓரிரு நாட்களே சூறாவளிக்குப் பயன்படும் ஒன்றை வெறுமனே பூட்டி வைத்தாற் கதவும் படியும் பாழாகும் என்று கண்டு, அவற்றுட் பலவற்றை மற்றை நாட்களிற் பாடசாலைகளாகவே நடத்துகின்றனர். ஆகவே, அபாய அறிவிப்பு வரும்போது பிள்ளைகளுக்கு வழிசொல்ல வேண்டியதில்லை. நாடோறும் புத்தகத்தோடு ஏறிய படியிலே, அன்று தாய்தந்தையரைக் கைப்பிடித்து ஏற்றுகின்றனர்.